சொந்த உபயோகத்துக்குத்தான்

ஜன்னலச் சாத்தாதம்மா, காத்து வரட்டும். கொஞ்சம் நகந்துக்கோ. நீ எங்க எறங்கணும்? பாபநாசமா? அப்போ கடைசி வரைக்கும் போற. நான் அம்பையில எறங்குவேன். கோர்ட் ஸ்டாப்பு. கோர்ட்டுன்னதும் அப்படிப் பாக்காத, நான் ஒரு தப்பும் செய்யல. நியாயத்தச் சொல்லப் போறேன். வயசுல எம் பொண்ணு பகவதி மாதிரி இருக்க, அதனால நீன்னே பேசுதேன், தப்பா எடுத்துக்கிடாத.

எம் பேரு வடிவு. வீரவநல்லூர்ல புதுசா மனை போட்டு வீடு கட்டியிருக்காவள்லா, அங்கனதான் இருக்கோம். எங்க வீட்டுல அவிய ஈபியில ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனாவ. நயினார் சார்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். இப்போ கூடுதலாத் தெரியும், பேப்பர்ல வந்துட்டுல்லா.

சாராயம் காய்ச்சுன கேசு. நீ ஏன் நகருத? வித்தோம்னு நெனச்சியா? ஒரு சொட்டு வித்தது கெடயாது. சொந்த உபயோகத்துக்குத்தான். நாம வீட்டுல தோசைக்கு மாவு ஆட்டுறது இல்லையா, அந்த மாதிரி.

யாரோ ஒரு பாவி காட்டிக்குடுத்துட்டான். யாருன்னுதான் இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. நான் யாருகிட்டயும் மூச்சு விடல. அவியளும் விடல. அப்போ எப்படி வெளிய போச்சு? நீயே யோசிச்சுப் பாரு.

அவியளுக்கு சாயங்காலம் கொஞ்சம் குடிக்குற பழக்கம் உண்டு. அளவாத்தான். குடிச்சா சத்தம் கித்தம் கெடயாது, சாப்பிட்டுட்டு டிவி முன்னால தூங்கிருவாவ. ஆனா கடைக்குப் போறதுதான் அவியளுக்கு மானப் பிரச்சினையா ஆயிட்டு. வேலையில இருந்தப்போ இவிய போயி ஃபியூஸ் புடுங்குன ஆளெல்லாம் அங்க வரிசையில நிக்கான். "வாங்க சார், இன்னைக்கு உங்க வீட்டுலதான் கரண்டு இல்லையோ"ங்கான். இவிய பையச் சுருட்டி அக்குள்ள வச்சுக்கிட்டு நிப்பாவ.

அதையும் பொறுத்துக்கிட்டாவ. ஒரு நாள் எங்க சம்பந்தி பாத்துட்டாவ. பகவதியோட மாமனாரு, ஆவுடையப்பன் அண்ணாச்சி. அவிய கோயில் டிரஸ்டி. வெத்தல கூடப் போட மாட்டாவ. எங்க பொண்ணப் பாக்க வந்தப்பவே, "மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேக்கதுக்கு முன்னால எங்க வீட்டுல யாருக்கும் எந்தப் பழக்கமும் கெடயாதுன்னு எழுதிக்கிடுங்க"ன்னு சொன்ன மனுஷன். அவிய ஷேர் ஆட்டோவுல போறாவ, இவிய கடை வரிசையில நிக்காவ. கண்ணும் கண்ணும் பாத்துட்டு. அண்ணாச்சி ஆட்டோவுல இருந்தே கையெடுத்துக் கும்பிட்டாவளாம். இவியளும் வரிசையில நின்னுக்கிட்டே கும்பிட்டாவளாம். பின்னால நின்னவன், "சார், சாமி உள்ள இருக்கு, இந்தப் பக்கம் கும்பிடுங்க"ன்னானாம்.

வீட்டுக்கு வந்தவிய செருப்பக் கூடக் கழட்டல. "இனிமே அந்தக் கடைப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன் வடிவு"ன்னாவ. நான் போயி பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சேன். குடியை விட்டுட்டாவன்னு நெனச்சேன். கடையத்தான் விட்டிருக்காவ.

அதுக்கப்புறம் எந்நேரமும் ஃபோனும் கையுமா இருந்தாவ. எட்டிப் பாத்தா ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன் அடுப்பாங்கரையில நின்னுக்கிட்டுச் சிரிச்சுச் சிரிச்சு என்னத்தையோ காய்ச்சுதான். யாருன்னு கேட்டேன். நியூசிலாந்துக்காரனாம். அந்த ஊர்ல வீட்டுல காய்ச்சிக் குடிச்சா போலீசு கேக்காதாம். விக்கக் கூடாது, அவ்வளவுதானாம்.

"நம்ம வீடு நியூசிலாந்துலயா இருக்கு?"ன்னு கேட்டேன்.

"சட்டத்துக்குப் பின்னால ஒரு நியாயம் உண்டுல்லா வடிவு. அது எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். கொல்லையில கத்தரிக்கா போட்டு நாமளே குழம்பு வச்சா யாரு கேக்க முடியும்? சந்தையில கொண்டு வித்தாத்தான வியாபாரம்."

கேக்கதுக்குச் சரியாத்தான இருக்கு? எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. இருந்தாலும் ஒரு வார்த்தை வக்கீல்கிட்டக் கேட்டுக்கிடுங்கன்னேன். எங்க தெரு முனையில சிதம்பரநாதன்னு ஒரு வக்கீல் இருக்காவ. இவிய போயி நேராக் கேக்காம, "என் ஃப்ரெண்டு ஒருத்தரு"ன்னு சுத்தி வளச்சுக் கேட்டிருக்காவ.

வக்கீல் என்ன சொன்னாவளாம், "உங்க ஃப்ரெண்டுகிட்டச் சொல்லுங்க. காய்ச்சுனாலும் குத்தம், வச்சிருந்தாலும் குத்தம், காய்ச்சுறதுக்குன்னு பாத்திரம் வச்சிருந்தாலும் குத்தம். வித்தா இன்னும் பெரிய குத்தம். விக்கலன்னா குத்தமில்லன்னு நம்ம சட்டத்துல எங்கயும் இல்ல"ன்னு சொன்னாவளாம்.

இவிய வீட்டுக்கு வந்து, "சிதம்பரநாதனுக்கு சட்டம் பத்தலை"ன்னுட்டு, போயி செம்புக் குழாய் வாங்கிட்டு வந்துட்டாவ.

என்னோட குக்கர் ஒண்ணு போச்சு. மாடியில தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம் உண்டு, அங்கன ஒரு டிரம்முல கருப்பட்டியும் கனிஞ்ச பழமும் ஊறுச்சு. அது பொங்குன வாடை இருக்கே, கீழ துணி காயப் போட்டா துணியும் அப்படியே மணக்கும். மொத தடவை இவிய காய்ச்சுனாவ பாரு, வெளங்கல. அடுப்ப முழுசாத் தெறந்து விட்டுட்டு டிரான்ஸ்பார்மரப் பாக்க மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்காவ. அடிப்பிடிச்சு, கருகி, குழாய் வழியா என்னமோ மஞ்சளா ஒழுகுச்சு. அத மோந்து பாத்த பூனை மறுநாள் வரைக்கும் வீட்டுப் பக்கம் வரல.

எனக்கு மனசு கேக்கல. கருப்பட்டி நல்ல உடங்குடிக் கருப்பட்டி. "எந்திரிங்க, நான் பாக்கேன்"னேன்.

பாலு எப்பம் பொங்கும்னு நமக்குத் தெரியும்லா, அதே கதைதான். தீயச் சிம்முல வச்சு, குக்கர் பக்கவாட்டுல கை வச்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும். அவசரப்பட்டா கெட்டுது. மொதல்ல வருறதத் தனியாப் புடிச்சுக் கொட்டிரணும், அத வாயில வச்சா கண்ணு போயிரும்னு அந்த வெள்ளைக்காரன் சொன்னான். நான் அத வச்சு ஜன்னல் கண்ணாடி தொடைச்சேன். பளிங்கு மாதிரி ஆயிட்டு. அதுக்கப்புறம் வந்துச்சு பாரு, மழைத் தண்ணி மாதிரி, சொட்டுச் சொட்டா.

அவிய ஒரு மடக்குக் குடிச்சாவ. கண்ண மூடிக்கிட்டாவ. ரொம்ப நேரம் தெறக்கவே இல்ல. நான் பயந்து போயி, "என்னங்க, கண்ணு தெரியுதா?"ன்னு கேட்டேன்.

"நல்லாத் தெரியுது வடிவு"ன்னாவ. "இப்பத்தான் தெரியுது"ன்னாவ.

நான் குடிக்க மாட்டேன். அத மொதல்லயே சொல்லிருதேன். ருசி பாப்பேன். சமைக்கவ உப்பு பாக்காம எறக்குவாளா? ஒரு ஸ்பூனு. ஏலக்கா போட்டா ஏலக்கா எறங்கிருக்கான்னு பாக்கணும்லா, அதுக்கு ஒரு ஸ்பூனு. சுக்கு போட்டா அதுக்கொண்ணு. ஆரஞ்சுத் தோலு போட்டப்போ கசப்பா இல்லையான்னு எனக்குப் பிடிபடவே இல்ல, அன்னைக்கு மட்டும் கொஞ்சம் டம்ளர்ல ஊத்தித்தான் பாத்தேன். அன்னைக்கு இட்லிக்கு ரெண்டு சட்னியும் நானே பாடிக்கிட்டே அரைச்சேன்னு அவிய சொல்லுதாவ. எனக்கு நெனவில்ல. குடிச்சதில்ல அது, பாத்துக்கோ. ருசி பாத்தது.

ஒண்ணு சொல்லட்டா? அந்த மாசந்தான் நாங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியாப் பேசுனோம். வேலையில இருந்த காலம் பூரா அவிய வருவாவ, சாப்பிடுவாவ, ஃபோன் வரும், எங்கயோ கம்பி அத்துக்கிட்டுன்னு போயிருவாவ. இப்பம் மத்தியானமானா ரெண்டு பேரும் மாடியில எதிரும் புதிருமா உக்காந்திருப்போம். நான் தீயப் பாப்பேன். அவிய சுக்கு தட்டிக் குடுப்பாவ. சொட்டுற சத்தத்தத் தவிர ஒண்ணும் இருக்காது. அப்பந்தான் ஒரு நாள் சொன்னாவ, சர்வீஸ் முழுக்க அவியளுக்கு உயரம்னா பயமாம். கம்பத்துல ஏறுனா கால் வெடவெடங்குமாம். யாருகிட்டயும் சொன்னது இல்லையாம். "அப்போ எப்படி ஏறுனிய?"ன்னு கேட்டேன். எம் பேரச் சொல்லிக்கிட்டே ஏறுவாவளாம். வடிவு, வடிவு, வடிவுன்னு ஒவ்வொரு எட்டுக்கும் ஒண்ணாம். கேட்டதும் என்னையறியாம தீயக் கூட்டி வச்சுட்டேன், அன்னைக்குக் காய்ச்சுனது கொஞ்சம் கருகல்தான்.

சரி, யாரு காட்டிக்குடுத்தான்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

நான் யாருகிட்டயும் சொல்லல. பூக்காரி இசக்கியம்மாகிட்டச் சொன்னேன், ஆனா அவளாக் கேட்டா, "என்னக்கா மாடியில பழ வாடை"ன்னு. பொய் சொல்ல வாய் வரல. அவ நம்ம ஆளு. பக்கத்து வீட்டு டெய்சி டீச்சர்கிட்டச் சொன்னேன். அவிய கிறிஸ்மசுக்குத் திராட்சை ஒயின் போடுவாவ, தொழில் தெரிஞ்சவிய, நாலு விஷயம் கேட்டுக்கிடணும்லா? நான் அவியளுக்குக் கொஞ்சம் குடுத்தேன், அவிய எனக்குக் கொஞ்சம் குடுத்தாவ. "என்னோடது கேக்குக்கு, அது வேற"ன்னு சொன்னாவ. ஆனா வாரா வாரம் வந்து, "வடிவக்கா, இந்த வாரம் என்ன போட்டிய?"ன்னு கேப்பாவ. ரேஷன் கடையில சளி புடிச்சுக் கெடந்த ஒரு அம்மாவுக்கு மருந்துக்குக் கொஞ்சம் குடுத்தேன். மருந்துக்குக் குடுக்குறது சொல்லுறதுல சேராது.

வக்கீல் சிதம்பரநாதன் ஒரு நாள் இவியள வழியில நிறுத்தி, "உங்க ஃப்ரெண்டு இப்போ ஏலக்கா போடுறதா கேள்விப்பட்டேன்"னு சொன்னாவளாம். இவிய வெலவெலத்துப் போயி வந்து, "அவனுக்கு எப்படி வடிவு தெரியும்?"ன்னு கேட்டாவ. "வக்கீல்னா படிச்சவிய, யூகிச்சிருவாவ"ன்னேன். வேற எப்படித் தெரியும்?

அப்புறம் திருநெல்வேலிக்குப் போன பஸ்ல ஒரு பொண்ணு. உன்ன மாதிரித்தான், நல்ல பொண்ணு, சுங்குடிச் சேலை கட்டியிருந்தா. நான் பேசப் பேச ஒரு வார்த்தை குறுக்க பேசல. அந்த மாதிரிக் கேக்குற ஆளு இந்தக் காலத்துல எங்க கெடைக்கா? எந்தத் தெரு, வீட்டு வாசக் கேட்டு என்ன கலருன்னு எல்லாம் அக்கறையாக் கேட்டா. போலீஸ் குவார்ட்டர்ஸ் ஸ்டாப்புல எறங்கிட்டா. அவள ஏன் சொல்லுதேன்னா, அந்த மாதிரி மனுஷரும் ஊர்ல இருக்காவ, காட்டிக்குடுக்குற பாவியளும் இருக்கானுவ.

அன்னைக்கு என்னாச்சு தெரியுமா, சம்பந்தி வந்திருந்தாவ. பகவதிக்கு வளைகாப்புக்கு நாள் குறிக்க. கோயில் திருவிழாவுல மைக்குல கத்திக் கத்தித் தொண்டை போயி, இருமல்னா அப்படி ஒரு இருமல். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இருமுதாவ. பாக்கவே பாவமா இருந்துச்சு. நான் உள்ள போயி சுக்கு, ஏலக்கா, பனங்கல்கண்டெல்லாம் போட்டு வச்சிருந்ததுல கொஞ்சம் வெந்நி கலந்து கொண்டு வந்து குடுத்தேன். "கஷாயம், குடிங்க அண்ணாச்சி"ன்னேன். சுக்கும் ஏலக்காயும் கஷாயத்துல சேந்ததுதான? இவிய தூண் பக்கத்துல நின்னுக்கிட்டு எனக்குக் கண்ணக் காட்டுதாவ, கையக் காட்டுதாவ. என்னன்னு எனக்குப் புரியல.

அண்ணாச்சி ஒரு வாய் குடிச்சாவ. டம்ளரப் பாத்தாவ. இன்னொரு வாய் குடிச்சாவ. "சம்பந்தியம்மா, இது எந்த நாட்டு மருந்து?"ன்னு கேட்டாவ. "எல்லாம் கைப் பக்குவந்தான்"னேன். "இன்னும் கொஞ்சம் இருக்குமா, தொண்டைக்கு இதமா இருக்கு"ன்னாவ. குடுத்தேன். இருமல் நின்னுட்டு. அதுவரைக்கும் எங்க வீட்டு நாற்காலியில நுனியில உக்காருற மனுஷன், நல்லாச் சாஞ்சு உக்காந்து இவியள, "வாங்க நயினார், பக்கத்துல வந்து உக்காருங்க, எதுக்கு நிக்கிய, நம்ம என்ன கோயில் கமிட்டி கூட்டமா போட்டிருக்கோம்"னு கூப்பிட்டாவ. கல்யாணமான நாள்ல இருந்து இவியள அவிய பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. எனக்குச் சந்தோஷம் தாங்கல. மூணாவதும் குடுத்தேன்.

அப்பந்தான் ஜீப்பு வந்து நின்னுச்சு.

ஒரு எஸ்.ஐ. அம்மாவும் கூட ரெண்டு போலீசும். அந்த அம்மாவ எங்கயோ பாத்த முகமா இருந்துச்சு. காக்கிச் சட்டைக்குள்ள எல்லா முகமும் ஒண்ணு போலத்தான் தெரியும். என்னப் பாத்ததும் லேசாச் சிரிச்சா, நல்ல மனசுக்காரி. "வாங்கம்மா, உக்காருங்க"ன்னேன். உக்காரல. மூக்க உறிஞ்சி, "ஏலக்கா வாசம் நல்லா வருதே"ன்னா. எனக்குப் பெருமைதான்.

அண்ணாச்சி டம்ளரோட எந்திரிச்சு நின்னாவ. "மேடம், நான் கோயில் டிரஸ்டி. இது கண்ணியமான குடும்பம். இந்த வீட்டுல அந்த மாதிரி எதுவும் நடக்காது. அதுக்கு நான் பொறுப்பு"ன்னாவ. நேராத்தான் நின்னாவ, ஆனா பேசி முடிக்கும்போது சொவரத் தொட்டுக்கிட்டாவ.

அந்த அம்மா டம்ளரப் பாத்து, "கையில என்ன சார்?"ன்னு கேட்டா.

அண்ணாச்சி டம்ளரப் பாத்தாவ. இவியளப் பாத்தாவ. என்னப் பாத்தாவ. அப்புறம் ஒரு சொட்டு விடாம அதக் குடிச்சு முடிச்சுட்டு, வெறும் டம்ளர அந்த அம்மா கையில குடுத்து, "கஷாயம்"னாவ. பாவம், வெள்ளந்தி மனுஷன். கடைசி வரைக்கும் அது கஷாயம்னே நம்பிட்டாவ.

மாடிக்குப் போனாவ. குக்கர், குழாய், டிரம்மு, ஊறுகா பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தது, எல்லாத்தையும் எறக்கிக் கொண்டு வந்து ஹால்ல வச்சாவ. ஹால்ல பாத்தா நம்ம சாமான் எவ்வளவு இருக்குன்னு எனக்கே ஆச்சரியம். அந்த அம்மா பேனாவ எடுத்துக்கிட்டு, "யாரு காய்ச்சுறது?"ன்னு கேட்டா.

இங்கதான் நீ நல்லாக் கேக்கணும். இதுக்குத்தான் நான் இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போறதே.

இவிய முன்னால வந்து நின்னாவ. "நான்தான். எல்லாம் நான்தான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஒண்ணும் தெரியாதாம் எனக்கு. மாடியில உக்காந்து தீயப் பாத்தது யாரு? கருப்பட்டியப் பதம் பாத்து ஊறப் போட்டது யாரு? ஏலக்காய நசுக்கிப் போடணும், முழுசாப் போடக் கூடாதுன்னு கண்டுபிடிச்சது யாரு? இவிய சுக்கு தட்டுனாவ, அவ்வளவுதான். நாள் முழுக்கக் கூட உக்காந்து செஞ்ச மனுஷிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சம்பந்தி முன்னால, போலீசு முன்னால சொல்லுதாவ.

அந்த அம்மா, "எப்படிக் காய்ச்சுவீங்க, சொல்லுங்க பாப்போம்"னா.

இவிய, "ராத்திரி ஊறப் போட்டு, அடுப்ப நல்லா எரிய விட்டு..."ன்னு ஆரம்பிச்சாவ.

என்னால பொறுக்க முடியல. "நல்லா எரிய விட்டா அடிப்பிடிச்சு நாறும். சிம்முல வைக்கணும். ஒரு ராத்திரி ஊறுனா பழம் பழமாத்தான் இருக்கும். அவியளுக்குத் தெரியாதும்மா, நான் சொல்லுதேன் எழுதிக்கோங்க"ன்னேன்.

இவிய என்னப் பாத்த பார்வை இருக்கே. "வடிவு, நீ உள்ள போ"ன்னாவ. அண்ணாச்சி இருமுனாவ. எங்கயோ போயிருந்த இருமலு அப்பம் பாத்து வருது. அந்த எஸ்.ஐ. அம்மா பேனாவ நிறுத்தி என்னப் பாத்தா, இவியளப் பாத்தா. அப்புறம், "சார் சொல்றத மட்டும்தான் எழுதுறேன். அம்மா, நீங்க உள்ள போங்க, கொஞ்சம் பேசாம இருங்க"ன்னா. அவளும் ஒரு பொம்பளதான, ஒரு பொம்பள செஞ்ச வேலையப் பொம்பளையே எழுத மாட்டேங்கா.

இவியள ஜீப்புல ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டாவ. தெரு முழுக்க வாசல்ல நின்னு பாத்துச்சு. வக்கீல் சிதம்பரநாதன் போயி சாயங்காலம் ஜாமீன்ல கூட்டிட்டு வந்தாவ. மறுநாள் பேப்பர்ல, "ஓய்வு பெற்ற மின் ஊழியர் தனி ஆளாக வீட்டில் சாராயம் காய்ச்சினார்"னு போட்டிருந்தான். தனி ஆளா. அத வாசிச்சதும் எனக்கு நெஞ்சு எரிஞ்சுட்டு.

அன்னைல இருந்து நான் அவியகிட்டப் பேசுறது இல்ல. சோறு வைப்பேன், காப்பி வைப்பேன், பேச மாட்டேன். அவியளும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. மாடி ரூம் காலியாக் கெடக்கு. மத்தியானமானா அவிய மட்டும் ஏறிப் போயி சும்மா உக்காந்துட்டு வாராவ.

சம்பந்தி வீட்டுல என்ன சொல்லப் போறாவளோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் சொல்லல. வளைகாப்புக்கு நாள் குறிச்சு அனுப்பிட்டாவ. பகவதிகிட்ட மட்டும், "உங்கம்மா அந்தக் கஷாயம் இன்னும் வைக்காவளா, இருமல் விட மாட்டேங்கு"ன்னு கேட்டு விட்டாவளாம். போலீசு எல்லாத்தையும் கொண்டு போயிட்டுன்னு சொல்லச் சொன்னேன். கேட்டுட்டு முகம் வாடிட்டாம் அவியளுக்கு. பாவம், அந்த இருமலு அவ்வளவு படுத்துது.

இன்னைக்குத்தான் கேசு. கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிரும், வயசும் ஆயிட்டு, மொத தடவைன்னு வக்கீல் சொல்லியிருக்காவ. காலையில கெளம்பும்போது அவியளா வந்து பேசுனாவ. "வடிவு, நீ கோர்ட் பக்கமே வந்துராத. எம் மேல சத்தியம்"னாவ. நான் ஆமாங்கல, இல்லைங்கல. அவிய போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன். ஜட்ஜு முன்னால போயி நிக்கப் போறேன். "அய்யா, அவிய சொல்லுறது அத்தனையும் பொய். செஞ்சது நான். கேளுங்க, எப்படின்னு சொல்லுதேன்"னு சொல்லப் போறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எம் பேரச் சொல்லணும், அவ்வளவுதான்.

கல்லிடைக்குறிச்சி போயிட்டு. இன்னும் கொஞ்ச நேரந்தான். ஆத்துப் பாலம் வரும், அப்புறம் ஊருதான்.

என்ன கேட்ட?

எம் மேல கேசு வந்தா என்ன ஆகியிருக்கும்னா? என்ன ஆகும், என்னையும் ஜீப்புல ஏத்தியிருப்பாவ. ஏத்தட்டும். தெரு பூரா பாத்திருக்கும். பாக்கட்டும். பகவதி மாமியார் வீட்டுல... ஆமா. அது இருக்கு. டிரஸ்டி வீட்டுச் சம்பந்தியம்மா ஸ்டேஷன்ல போயி பெஞ்சுல உக்காந்தான்னா... ஆமா.

அவியளுக்கு இருட்டுனா இன்னைக்கும் ஸ்டேஷன் பக்கம் போகப் பிடிக்காது தெரியுமா? ஈபியில ஒரு தடவை யாரோ கம்பி திருடிட்டான்னு சாட்சி சொல்லக் கூப்பிட்டதுக்கே ஒரு வாரம் சாப்பிடல அவிய. அப்படிப்பட்ட மனுஷன், போலீசு கேட்டதும், யோசிக்கக் கூட இல்ல, முன்னால வந்து...

நீ சின்னப் பிள்ள. உனக்கு ஆம்பளையளப் பத்தி என்ன தெரியும்.

பாலம் வந்துட்டு. ஆத்துல தண்ணி நெறையத்தான் போகுது.

இல்ல, நான் யோசிக்கல. வெயில் கண்ணுல அடிக்கு. நீ சொன்னது சரியா இருக்கும்னும் சொல்லல, தப்புன்னும் சொல்லல. ஆனா சுக்கு தட்டுனத மட்டும் சொல்லியிருக்கலாம்லா? ரெண்டு பேருமாச் சேந்து செஞ்சோம்னு... ம். அப்படிச் சொன்னா ரெண்டு பேரையுந்தான் ஏத்தியிருப்பாவ.

கண்டக்டர் கூப்பிடுதாரு, கோர்ட் ஸ்டாப்புன்னு. அந்தா, வேப்ப மரத்தடியில கருப்புக் கோட்டு தெரியுது பாரு, சிதம்பரநாதன். பக்கத்துல வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைய நேத்து நான்தான் தேச்சு வச்சேன், பேசாமத்தான் வச்சேன். காலரு மடங்கிக் கெடக்கு, பாத்தியா. யாரும் சொல்ல மாட்டாவ போலிருக்கு.

எப்படி எறங்க, பஸ்ஸுல இவ்வளவு கூட்டமா இருக்கு. சரி, நடுவுல யாரும் நிக்கல, இருந்தாலும் எந்திரிச்சுப் போகணும்லா. எனக்கு முட்டு வேற வலி.

தம்பி, கண்டக்டர் தம்பி, நான் எறங்கல. நீங்க ரைட் குடுங்க. பாபநாசத்துக்கு ஒரு டிக்கெட் போடுங்க.

ஆத்துல கால நனச்சுட்டு, சாமியக் கும்பிட்டுட்டு, அடுத்த பஸ்ல திரும்பிருவேன். அவிய வீட்டுக்கு வருறதுக்குள்ள போயி உலை வச்சிரணும். நெத்திலி கெடச்சா குழம்பு வைக்கணும், கோர்ட்டுல வெறும் வயித்தோடதான் நிப்பாவ. வந்து உக்காந்து, ஜட்ஜு என்ன கேட்டாவ, என்ன சொன்னாவன்னு அவிய சொல்லுவாவ. நான் கேட்டுக்கிடுவேன்.